தரங்கம்பாடியில் ஒரு நாள்

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (வேதியியல்)

எங்கள் துறையில் ஆண்டுக்கு ஒரு முறை கல்விச் சுற்றுலா உண்டு. சென்ற ஆண்டு அண்ணன்மார் ஏற்காடு போய் வந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது தரங்கம்பாடி. "இவ்வளவுதானா? கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர்தானே!" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். தலைக்கு 150 ரூபாய் போதும் என்று பேராசிரியர் அறிவித்ததும் முணுமுணுப்பு தானாக அடங்கிவிட்டது.

தை மாதத்துச் சனிக்கிழமை. பனி விலகாத காலைப் பொழுதில் மாணவர் 42 பேரும் பேராசிரியர் இருவருமாகப் புறப்பட்டோம். மயிலாடுதுறையைத் தாண்டிச் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று பேருந்து ஓடியது. இருமருங்கும் சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. இதே வழியில் 1926 முதல் 1986 வரை மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே ஒரு சிறிய ரயில் ஓடியது. அப்பா சிறுவனாக இருந்தபோது, ரயில் நிற்கப் போகிறது என்று கேள்விப்பட்டுத் தாத்தா அவரை அதில் ஏற்றிக் கடல் காட்டி வந்தாராம். அப்பா பார்த்த முதல் கடல் தரங்கம்பாடிக் கடல்தான். அதைப் பேருந்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. வீட்டுக் கதைகளைக் கல்லூரிக்குக் கொண்டுவருவதில்லை என்று முதலாண்டிலேயே முடிவு செய்திருந்தேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயரும் ஊரும் தந்தையின் தொழிலும் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு முன் இருந்தவன், "அப்பா ஆசிரியர்" என்றான். அதற்கு முன் இருந்தவனின் அப்பா மின்வாரியத்தில் வேலை. என் முறை வந்தது. "பில்டிங் கான்ட்ராக்டர்" என்றேன். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் அப்பா கொத்தனார். எழுதப் படிக்கத் தெரியாதவர். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது கைநாட்டு வைத்தவர். அந்தச் சான்றிதழால் கிடைத்த சலுகையை வாங்கிக்கொண்டேன். அந்தக் கைநாட்டை மறைத்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குத் தரங்கம்பாடியின் நுழைவாயில் முன் இறங்கினோம். டேனிஷ்காரர்கள் 1792 இல் கட்டிய வெள்ளை வளைவு வாயில் அது. அதைக் கடந்து ராஜ வீதியில் கால் வைத்ததும் சட்டென்று வேறொரு நாட்டுக்குள் நுழைந்தது போலிருந்தது. அகன்ற தெரு, உயர்ந்த தூண்கள், நீண்ட தாழ்வாரங்கள், தெருக்கோடியில் நீலக் கோடாகக் கடல். ‘தரங்கம்’ என்றால் அலை, ‘பாடி’ என்றால் ஊர். அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி என்று சொல்வோரும் உண்டு. அந்தப் பொருள்தான் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கல்வெட்டிலோ இவ்வூருக்குச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் பெயர் காணப்படுகிறது.

டென்மார்க்கிலிருந்து ஓவ் கெட்டே என்ற கப்பற்படைத் தலைவர் 1620 இல் இங்கு வந்தார். மிளகு வணிகத்துக்காகத் தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கடற்கரையில் கோட்டை கட்டினார். டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் கோபன்ஹேகனில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் கையில் இருந்தது நீங்கலாக, இரு நூற்றாண்டுக்கு மேல் இந்தச் சிறு துறைமுகத்தில் டேனிஷ் கொடி பறந்தது. வணிகம் நலிந்ததும் 1845 இல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். வீட்டை விற்பது போல் ஊரை விற்க முடியும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

1701 ஆம் ஆண்டுச் சீயோன் ஆலயத்தை வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் புதிய எருசலேம் ஆலயத்துக்குள் சென்றோம். இது 1718 இல் கட்டி முடிக்கப்பட்டது. இதற்குள்தான் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலையில் இங்கு வந்து இறங்கியபோது அவருக்கு வயது 23. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று சொல்வார்கள். இந்த ஊர் ஆளுநரே அவரை நான்கு மாதம் கோட்டையில் சிறை வைத்தார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713 இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை, காகிதம் போதவில்லை. எனவே பாலாடைக்கட்டி சுற்றி வந்த ஈயத் தகடுகளை உருக்கி இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்களாம். தமிழில் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சிட்டு முடிக்கப்பட்டது. பக்கத்தில் பொறையாற்றில் காகிதம் செய்யும் பட்டறையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் அதன் நினைவாக நிற்கிறது. இத்தனையும் செய்துவிட்டு 1719 இல், 36 வயதில், அவர் கண்ணை மூடினார். ஈயத்தை உருக்கிய கதையைக் கேட்டதும் எங்கள் வேதியியல் பேராசிரியருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஈயத்தின் உருகுநிலை என்ன என்று ஆலய வாசலிலேயே கேட்டார். 327 டிகிரி செல்சியஸ் என்று நான் சொன்னேன். "நீ இருக்கிறாயே, எனக்குக் கவலையில்லை" என்று முதுகில் தட்டினார்.

அந்தப் பெருமையோடுதான் அடுத்த தெருவுக்குள் திரும்பினேன்.

ராஜ வீதியிலிருந்து பிரியும் குறுக்குத் தெரு. பழைய வீடு ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். முகப்பெல்லாம் சவுக்குக் கட்டைச் சாரம். தெருவோரத்தில் சலித்த மணல் குவியல், நீற்றிய சுண்ணாம்பு ஊறும் தொட்டி, பக்கத்தில் ஒரு பீப்பாயில் பழுப்பு நிறத் தண்ணீர். அதன் வாசனை எட்டும் முன்பே எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்த வாசனையில்தான் நான் வளர்ந்தேன்.

"நில்லுங்கள், இதுதான் நாம் பார்க்க வேண்டியது" என்றார் பேராசிரியர். "மேலே ஒருவர் பூசுகிறார், அவரையே கேட்போம். ஐயா, கொஞ்சம் கீழே வர முடியுமா?"

சாரத்தில் இருந்தவர் கொத்துக்கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். என் அப்பா.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை வீட்டுக்கு வருவார். "காரைக்கால் பக்கம் கடலோரத்துல பழைய வீட்டு வேலை" என்று சொல்லியிருந்தார். எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. இரண்டு மாதமாகக் கேட்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார். அந்த ஒரு கணத்தில் நான் தலையைக் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மீண்டும் நிமிர்ந்தபோது அப்பா கீழே இறங்கி, முண்டாசை அவிழ்த்துக் கையைத் துடைத்தபடி பேராசிரியரிடம், "கேளுங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

எங்கள் பேராசிரியர் பல கேள்விகள் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். வீட்டில் ஒரு நாளும் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கிளிஞ்சலைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பை ஊறப்போட்டு, ஆற்று மணல் சேர்த்து, கையில் ஒட்டாமல் வெண்ணெய் மாதிரி வருகிற வரை அரைக்க வேண்டும். கடல் மணல் ஆகவே ஆகாது. கடுக்காய்த் தண்ணீர் விட்டால்தான் காரை இறுகும், வெடிக்காது.

"சிமெண்டு பூசினால் என்ன? வேலை சீக்கிரம் முடியுமே?" என்றார் பேராசிரியர்.

"சிமெண்டு மூச்சு விடாது சார். இது பழைய செங்கல்லு, கடல் காத்து. சுவத்துக்குள்ள இருக்கிற ஈரம் வெளியில வரணும். சிமெண்டு மறிச்சுக்கும். உப்பு பூத்து, கல்லோட சேத்துப் பேத்துக்கிட்டு விழுந்துடும். சுண்ணாம்பு அப்படியில்ல. மேலாப்புல சீக்கிரம் காஞ்சிடும். உள்ளுக்குள்ள இறுக வருசக்கணக்காவும். காத்தக் குடிச்சுக் குடிச்சுத்தான் கல்லாவும்."

பேராசிரியர் எங்கள் பக்கம் திரும்பினார். "காற்றைக் குடிக்கிறது என்கிறாரே, அதன் பொருள் என்ன?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவருடைய விரல் என்னைக் காட்டியது.

நான் எழுந்து நிற்கும் மாணவனைப் போல் கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன். "கால்சியம் ஹைட்ராக்சைடு காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது, சார். சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் பால் போல மாறுவதும் இதே வினைதான்."

அப்பா கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "தம்பி நல்லாச் சொல்றாரு சார்." என்னிடம் திரும்பி, காரைத் தட்டை நீட்டி, "தொட்டுப் பாருங்க தம்பி, கையில ஒட்டுதான்னு" என்றார்.

பிறந்தது முதல் அவர் வாயால் வாடா போடா என்பதைத் தவிர நான் வேறு கேட்டதில்லை. தொட்டேன். ஒட்டவில்லை. குளிர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு பார்த்தவற்றைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. ஆளுநர் மாளிகை பெரியது. மாசிலாமணி நாதர் கோயில் 1306 இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கடல் அதன் ஒரு பகுதியைத் தின்றுவிட்டது. அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்து இவ்வூரில் நூற்றுக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. அந்தக் கடல் அன்று ஒன்றும் அறியாத குழந்தை போலக் கிடந்தது. நண்பர்கள் அலையில் நின்று கைபேசியில் படம் எடுத்தார்கள். பல படங்களில் நானும் இருக்கிறேன். எல்லாவற்றிலும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பகல் உணவுக்குப் புளியோதரைப் பொட்டலம் கொடுத்தார்கள். அதைப் பிரிக்காமல் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் குறுக்குத் தெருவுக்கு நடந்தேன்.

அப்பா எதிர்த்திண்ணையில் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்தாள் அக்கா இருவர் சற்றுத் தள்ளி இருந்தார்கள்.

"ஏன்டா வந்தே? கூட்டாளிங்க தேடுவாங்கல்ல. சாப்பிட்டியா?"

"ஏம்ப்பா என்னை வாங்க போங்கன்னீங்க?"

"பின்ன எப்படிக் கூப்பிடுறது? நீ தலையக் குனிஞ்சே. சரி, புள்ளைக்குச் சங்கடம்னு வுட்டுட்டேன். உட்காரு."

அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. அவர் இரண்டு அடி அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. புளியோதரையைப் பிரித்துப் பாதியை அவர் வாளி மூடியில் வைத்தேன். அவர் வாளியிலிருந்த பழையதும் மோர்மிளகாயும் என் இலைக்கு வந்தன. அவருடைய விரல்களைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தின்று வெடித்த பிளவுகள். ஆய்வுக்கூடத்தில் காரத்தைக் கையால் தொடக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

சிறிது நேரம் கழித்து அவரே கேட்டார். "அது என்னடா, காத்துல இருக்குன்னியே. பேரென்ன?"

"கார்பன் டை ஆக்சைடுப்பா. நாம வெளியே விடுற மூச்சுல கூட இருக்கு." திண்ணையில் சிந்திக் கிடந்த சுண்ணாம்பில் விரலால் வட்டங்கள் போட்டுக் காட்டினேன். கிளிஞ்சலைச் சுடும்போது அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. அப்போது சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் பட்டால் நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசிய பின், போன காற்றையே மீண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்கிறது.

அப்பா உருண்டையைக் கையில் வைத்தபடியே யோசித்தார். "அப்ப கிளிஞ்சல்லேர்ந்து கிளம்பி, கடைசியில கிளிஞ்சலாவே ஆயிடுது?"

"ஆமாம்ப்பா. இரண்டும் ஒரே பொருள்தான்."

"அட!" என்று சிரித்தார். "முப்பது வருசமா பூசுறேன். எங்கப்பாரு நாப்பது வருசம். எவனும் சொல்லலியே!"

தாத்தாவிடம் கற்ற தொழில் அது. இடையில் எங்கும் சிமெண்டு வந்து, சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கேட்பாரில்லாமல் போயிற்று. அப்பாவும் சிமெண்டு பூசித்தான் எங்களை வளர்த்தார். ஆழிப்பேரலைக்குப் பிறகு தரங்கம்பாடியில் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார்களைத் தேடினார்கள். அன்று விட்ட கரண்டியை அப்பா மறுபடி எடுத்தார். என் கல்லூரிக் கட்டணம் அந்தக் காரையிலிருந்து வருகிறது.

"கோட்டையைப் பார்த்தீங்களாப்பா?"

"ரெண்டு மாசமா வெளியிலேர்ந்து பாக்குறேன். நான் வேலை முடிச்சு வரத்துக்குள்ள மூடிடுறான். எங்கப்பாரு ரயில்ல கூட்டியாந்தப்பவும் கடலோட சரி."

மேஸ்திரியிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு அவரை அழைத்துப் போனேன். கோட்டை வாசலில் நுழைவுச்சீட்டு வாங்க எங்கள் கூட்டம் வரிசையில் நின்றது. பேராசிரியர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சீட்டு கூடுதலாக வாங்க வேண்டும்."

"யாருக்கு?"

"இவருக்கு சார். என் அப்பா."

பேராசிரியர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் நடந்ததெல்லாம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் சீட்டை வாங்கி அப்பாவின் கையிலேயே கொடுத்தார். என் பக்கத்திலிருந்த நண்பன்தான், "கான்ட்ராக்டர்னு சொன்னியேடா?" என்றான். "பொய் சொன்னேன்" என்றேன். இரண்டு ஆண்டுகளாகச் சொல்ல நடுங்கிய சொல், சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

டான்ஸ்பர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கீழ்த்தளத்தில் கிடங்குகள், சமையலறை, சிறை அறை. மேல்தளத்தில் அருங்காட்சியகம், பீங்கான் பாத்திரங்கள், பழைய காசுகள், 1845 ஆம் ஆண்டு விற்பனை ஆவணம் என்று வரிசையாக இருக்கின்றன. எங்களுக்குப் பேராசிரியர் அவற்றை விளக்கிக்கொண்டிருந்தார். அப்பா கண்ணாடிப் பெட்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. அண்ணாந்து கூரையையே பார்த்துக்கொண்டு நடந்தார். அங்கே நான்கு கும்மட்டங்களின் பாரத்தையும் நடுவில் நிற்கும் ஒரே தூண் தாங்குகிறது. அவர் அந்தத் தூணை ஒரு முறை சுற்றி வந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"நாலு கும்மட்டமும் இந்த ஒத்தத் தூண்ல இறங்குது பாரு. சாரம் பிரிக்கிற அன்னிக்கு அந்த மேஸ்திரி தூங்கியிருக்க மாட்டான்."

பக்கத்திலிருந்த நாலைந்து பேர் அருகில் வந்து கேட்கத் தொடங்கினார்கள். அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. குரலைத் தாழ்த்தி என்னிடம், "பலகையில கட்டினது யாருன்னு போட்டிருக்கா, படி" என்றார்.

"ஓவ் கெட்டே, 1620."

"அவன் கட்டச் சொன்னவன்டா. கட்டினவன்?"

பலகையை மீண்டும் ஒரு முறை பார்த்தேன். "போடலைப்பா."

"போட மாட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

மூன்று மணி ஆகும் முன்பே அவர் பரபரத்தார். காலையில் பூசிய சுவர் வெயிலில் காய்ந்துவிடுமாம். காய்ந்தால் வெடிப்பு விடுமாம். பேராசிரியரிடம் கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டு மணலில் வேகமாக நடந்து போனார்.

எங்கள் பேருந்து ஐந்து மணிக்கு. நாலரைக்கு நான் மறுபடியும் அந்தத் தெருவுக்குப் போனேன். கான்ட்ராக்டர் என்று கேட்ட அதே நண்பன் கூடவே வந்தான். அப்பா சாரத்தின் கீழ்த்தட்டில் நின்று, நனைத்த கோணிச் சாக்கு ஒன்றைச் சுவரின்மேல் தொங்கவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கு கனமானது. ஒருவர் கைக்கு அடங்கவில்லை.

எங்களைக் கண்டதும், "சும்மா நிக்காத. அந்த முனையப் பிடிடா" என்றார்.